எழுநூற்று எழுபத்தொரு கால்

நான் கோப்பி குடிப்பதில்லை. கொம்பியூட்டர் திருத்துகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது என்று தொழிலுக்கு வந்த முதல் வருஷமே விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை நீங்கள் விசாரணைக்காகக் கடைக்கு வந்தபோது வெறும் தேத்தண்ணி தந்ததற்கு அதுதான் காரணம். உபசரிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

போகும்போது நான்கு வெள்ளைத் தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். "பாக்கியரத்தினத்தைக் கடைசியாகக் கண்டவர்களில் நீங்களும் ஒருவர். தெரிந்ததை எழுதித் தாருங்கள், அவசரமில்லை" என்றீர்கள். மரியாதையாகக் கேட்டீர்கள். அவர் காணாமற்போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. இவ்வளவு நாளும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேளாதவர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டு திரிகிற சுபாவம் எனக்கில்லை.

என் பெயர் சோமசேகரம், வயது நாற்பத்தேழு. மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். திருகோணமலை ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் என் கடை இருக்கிறது. படியில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். அதற்குள்ளே கடலின் ஆழத்தை அளந்து படம் கீறுகிற அலுவலகம் ஒன்று இருக்கிறது. பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். பதினொரு வருஷமாக அங்குள்ள மெஷின்களைத் திருத்தியவன் நான். அதற்காகத் துறைமுக வாசலைக் கடக்க ஒரு பாஸ் தந்திருந்தார்கள். படம் ஒட்டி, முத்திரை குத்தி, பிளாஸ்ரிக் உறை போட்ட சின்ன அட்டை. பார்வைக்கு ஒன்றுமேயில்லை.

ஆனால் அதன் வலு என்னவென்று இந்த ஊரில் இருக்கிறவருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, ஆண்கள் எல்லோரையும் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருத்தினார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவர் ஜீப்புக்குள் இருந்தார். ஒவ்வொருவராக அவர் முன்னால் நடக்க வேண்டும், அவர் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். நான் ஏழு மணிக்குப் பாஸை எடுத்துக் காட்டினேன். ஏழேகாலுக்கு வீட்டில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக் கனகரத்தினம் மாஸ்ரர் மத்தியானம் வந்து சேர்ந்தார். அவருடைய மருமகன் வரவில்லை. அன்று முதல் நான் அந்தப் பாஸைக் குளிக்கப் போகும்போதும் கிணற்றடிக் கல்லில் வைத்துவிட்டுத்தான் குளிப்பேன். பயம்தான். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

போன வருஷம் ஆடி மாதம் அந்த அலுவலகத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. சாதாரண கொம்பியூட்டர் இல்லை. ஒரே மதர்போட்டில் இரண்டு புரொசெசர் பூட்டக்கூடிய வேர்க்ஸ்டேஷன். கடலடிப் படம் முழுவதையும் விரித்துத் திருப்பிப் பார்க்க அப்படி ஒன்று வேண்டுமாம். போட் ஒரு உறையில், புரொசெசர் வேறொரு உறையில் என்று எல்லாம் தனித்தனியாக இருந்தன. இரண்டாவது புரொசெசர் பிறகு வரும் என்றார்கள். பூட்டிக் கொடுக்க வேண்டியவன் நான்.

அதுவரை நான் கண்ட புரொசெசர்களுக்கெல்லாம் அடியில் கால் இருக்கும். போட்டிலுள்ள சொக்கற்றில் ஓட்டைகள் இருக்கும். காலை ஓட்டையில் இறக்கிப் பக்கத்துக் கம்பியை மடக்கினால் பிடித்துக்கொள்ளும். அன்று உறையைப் பிரித்துப் பார்த்தால் சிப்பின் அடியில் ஒரு காலும் இல்லை. பொன்னிறப் புள்ளிகள் மட்டும் இருந்தன. சொக்கற்றைக் கறுத்த பிளாஸ்ரிக் மூடி மூடியிருந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அலுவலகப் பெரியவரின் அறைக்குப் போனேன்.

"ஆரோ காலெல்லாத்தையும் வெட்டிப்போட்டு வித்திருக்கினம். உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்" என்றேன்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. பிரதம லிகிதர் ஜமால்தீன் நானாதான் இரண்டு பக்கமும் சொல்லுவார். அவர் சொன்னதைக் கேட்டுப் பெரியவர் உடனே கொழும்புக்கு அழைப்பு எடுத்து, எல்லோரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். கொழும்பில் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. பெரியவரும் சிரித்தார். தேத்தண்ணி கொண்டுவந்த பெண்ணும் சிரித்தாள், அவளுக்குச் சங்கதி விளங்கியிருக்க நியாயமில்லை. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அடுத்த கிழமை இன்னொரு செய்தி வந்தது. வெளியாருக்குக் கொடுக்கும் பாஸை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். என்னுடையது மாத முடிவோடு சரி. புதிய மெஷினைப் பூட்டத் தெரிந்தவருக்கே இனிப் பாஸ்.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பாக்கியரத்தினம், முப்பத்துமூன்று வயது, பாலையூற்றில் வீடு, மனைவி பூரணி. கொழும்பில் நாலு வருஷம் இதே வேலை செய்தவர். அங்கே லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்களே, அந்தப் பஸ்ஸில் வந்தவர். ஒல்லியான ஆள், கதைக்கும்போது கதைக்கிறவரின் முகத்தையே பார்ப்பார். அலுவலகத்திலிருந்து அவரைக் கூப்பிட்ட அன்றே சைக்கிளை உழக்கிக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தார்.

"அண்ணை, உங்கட இடம் அது. நீங்களும் வாங்கோ, சேர்ந்து செய்வம். பாஸ் என்ர பேரில வந்தாலும் வேலையைப் பங்கு போடுவம்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலையைப் பங்கு போடலாம், பாஸைப் பங்கு போட ஏலாது. அது ஒருவருடைய சட்டைப்பையில்தான் இருக்கும். மைதானத்தில் இருத்தி வைத்திருக்கும்போது பாதிப் பாஸை எடுத்துக் காட்ட முடியாது. இதை அவரிடம் சொல்லவில்லை. ஓம், வாறன் என்றேன்.

ஒரு சனிக்கிழமை பகல் முதலாவது சிப்பைப் பூட்டினோம். அவர் சொக்கற்றின் கறுத்த மூடியைத் தூக்கி, ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்தார்.

"இதுக்குக் கால் சிப்பில இல்லை அண்ணை, சொக்கற்றுக்குள்ள இருக்கு. பாருங்கோ. எழுநூற்று எழுபத்தொண்டு."

தலைமயிரளவு மெல்லிய கால்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நாற்று நட்ட வயல் மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தது. உண்மையில் அழகான சாமான். இத்தனை வருஷமும் இதைக் காணாமல் இருந்துவிட்டேனே என்று எனக்கு மனவருத்தமாகக்கூட இருந்தது.

"ஒண்டு வளைஞ்சாலும் அந்த இடத்தில வெளிச்சம் இராது. மெஷின் எழும்பாது. சிலவேளை போட்டே எரிஞ்சுபோகும்" என்றார். "கை தவறிச் சிப் விழுந்தால் ஓரத்தில வரிசையா நாலைஞ்சு வளையும். நடுவில தனிய ஒண்டு தன்பாட்டில வளையாது. அப்பிடிக் கண்டால் ஆரோ வேணுமெண்டு செய்தது."

"வளைஞ்சதை நிமித்த ஏலுமோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஏலும். பூரணி மணி கோக்கிற ஊசியாலதான் நான் செய்யிறனான்." சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு ஊசிகள் இருந்தன. "நீங்கள் ஒண்டை வைச்சிருங்கோ. இனி இந்த மாதிரி மெஷின்தான் வரப்போகுது."

கெட்டிக்கார மனிதர், சொல்லிக் கொடுக்கவும் தெரிந்தவர். கால்மணி நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு சிப்போடு மெஷின் எழும்பியது. மற்றச் சொக்கற்றை மூடியோடு அப்படியே விட்டோம். கடல் பக்கத்து உப்புக்காற்று உள்ளே போகக் கூடாது. பெரியவர் அந்த மெஷினுக்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தார். திறக்கிறவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். பாக்கியரத்தினம் எழுதிக் கையெழுத்து வைத்தார். எனக்கு அந்த மெஷினில் வேலை இல்லாததால் நான் எழுதவில்லை.

அடுத்த புதன்கிழமை பிறிண்டர் ஒன்று கடதாசியைக் கடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். என் பாஸுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பிறிண்டர் இருந்ததும் அந்த மெஷின் இருந்த அறையிலேயே. மத்தியானம் கரண்ட் நின்றது. காற்றாடி இல்லாமல் அறை வெந்தது.

ஜமால்தீன் நானா மணிக்கூட்டைப் பார்த்தார். "லுஹருக்கு நேரமாகிட்டு தம்பி. வெளி ஆள இங்க தனிய விடப்போடாதுதான். நீங்க நம்மட ஆள்தானே. இரிங்க, தொழுதுட்டு வாறன்" என்று போனார்.

பிறிண்டரைத் திருத்தி முடித்தேன். பிறகு மற்ற மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். இரண்டு திருகாணிதான். கறுத்த மூடியைத் தூக்கினேன். ரோச் என்னிடமும் இருந்தது. எந்தக் கால் என்று தேடவில்லை, நடுவுக்குக் கிட்ட ஒன்றை ஊசி நுனியால் பக்கத்துக் காலின்மேல் படுக்க வைத்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. வெளிச்சப் பொட்டுகளுக்கு நடுவே ஒரு கறுத்த புள்ளி வந்தது. மூடியை வைத்தேன், தகட்டைப் பூட்டினேன். என் கை நடுங்கவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். இரண்டாவது சிப்பைப் போட்டதும் மெஷின் எழும்பாது. பெரியவர் எரிச்சற்படுவார். பாக்கியரத்தினமும் சொல்லும்படியான ஆளில்லை என்று முடிவெடுத்து, பழகிய முகமே போதும் என்று என்னைத் திரும்பக் கூப்பிடுவார். ஒரு தொழில்காரரின் பெயர் கொஞ்சம் கெடும். பெயர் கெட்டு யாரும் சாவதில்லை. என் பெயரும் கெட்டுத்தான் இருந்தது, நான் உயிரோடு இருக்கிறேன்.

அவர் மூடியைத் திறந்ததும் ரோச் அடித்துப் பார்ப்பார் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. பார்த்தால் பேசாமல் ஊசியை எடுத்து நிமிர்த்திவிட்டு வேலையை முடிப்பார் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் ஒருவருக்கும் ஒரு நட்டமுமில்லை. நானென்றால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது சிப் வந்த அன்று மூடியைத் திறந்தார், பார்த்தார், நேரே பெரியவரிடம் போய், இதை யாரோ திறந்து காலை வளைத்திருக்கிறார்கள் என்றார். ஊசி அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. கொப்பியை எடுத்துப் பார்த்தார்கள். அந்த மெஷினுக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இவ்வளவுக்கும் அவருடைய நேர்மைதான் காரணம் என்று நான் சிலவேளை நினைப்பதுண்டு. கண்டதை உடனே போய்ச் சொல்லிவிடுகிற மனிதருக்கு இது காலமில்லை.

பதினொரு மணிபோல ஜமால்தீன் நானா எனக்கு அழைப்பு எடுத்தார். சங்கதியைச் சொல்லி, "நீங்க வந்து பாத்துச் சொல்லட்டாம்" என்றார். போனேன். பாக்கியரத்தினத்தை வெளி வாங்கில் இருத்தியிருந்தார்கள். பக்கத்தில் துவக்கோடு ஒருவர் நின்றார். என்னைக் கண்டதும் பாக்கியரத்தினம் எழும்பினார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"நல்லகாலம் அண்ணை, நீங்கள் வந்தது. இவையளுக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ."

"விளங்கப்படுத்துறன். நீர் இரும்" என்றேன்.

பெரியவர் நாலு கேள்வி கேட்டார். நானா தமிழில் சொன்னார். கால் வளைந்திருக்கிறதா என்றார். ஓம் என்றேன். தன்பாட்டில் வளையுமா என்றார். வளையாது, நடுவில் தனியே ஒன்று என்றால் யாரோ வேண்டுமென்று செய்ததுதான் என்றேன். இந்த மெஷினைப் பற்றித் தெரியாத ஒருவர் செய்திருக்கலாமா என்றார். தெரியாத ஆள் மூடியைத் திறந்தே பார்க்கமாட்டார் என்றேன். நாலாவது கேள்வி, திருகோணமலையில் இது யாருக்குத் தெரியும் என்பது.

"பாக்கியரத்தினத்துக்குத்தான் தெரியும்" என்றேன். "எனக்கு இந்த மாதிரி மெஷின் தெரியாது நானா. அண்டைக்குப் பாத்தனீங்கள்தானே."

அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பெரியவரின் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. கால் வெட்டிய கதை அவருக்கு மறக்கவில்லை. அன்று என்னைக் கூனிக் குறுக வைத்த சிரிப்பு அது. நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. மூன்று கிழமைக்கு முன் எனக்கு அது தெரியாதுதானே.

ஜமால்தீன் நானா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை என்னை அந்த அறையில் தனியே விட்டுப்போனது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைச் சொன்னால் வெளியாளைத் தனியே விட்ட குற்றம் அவருடையதாகும். அவருக்கும் நாலு பிள்ளைகள். அவர் சொல்லவில்லை. நான் எழும்பி வந்துவிட்டேன்.

மற்றது உங்களுடைய விசாரணைக் கோவையில் இருக்கும். பாக்கியரத்தினத்தை நாலு மணிக்கு வாசலால் வெளியே விட்டார்கள். கண்டி வீதியால் அவர் சைக்கிளில் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். நம்பர் இல்லாத வான் ஒன்று மறித்தது என்று ஒருவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவரே தான் ஒன்றும் காணவில்லை என்றார். சைக்கிள் ஒரு மதிலோடு சாத்தியபடி நின்றது. பூரணி போய் அதை உருட்டிக்கொண்டு வந்தா.

அடுத்த கிழமை பாஸ் என் பேரில் வந்தது. அன்றே என்னைக் கொண்டு அந்தக் காலையும் நிமிர்த்தினார்கள். கொஞ்சம் திணறுகிற மாதிரி நேரம் எடுத்துச் செய்தேன். உண்மையில் நாலு நிமிட வேலை. சிப்பை வைத்துக் கம்பியை மடக்கியதும் மெஷின் எழும்பியது. இன்றைக்கும் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. ஜமால்தீன் நானா மாற்றம் கேட்டுக் கிண்ணியாவுக்குப் போய்விட்டார். வழியில் கண்டாலும் கதைப்பதில்லை.

பூரணிக்கு மனு அடித்துக் கொடுக்கிறவன் நான்தான். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்தக் கடிதங்களைப் பார்த்துத்தானே என் கடையைத் தேடி வந்தீர்கள். இதுவரை பதினெட்டு. ஒவ்வொரு மாதமும் வருவா, சில மாதம் இரண்டு தரம். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் கதிரையில் நுனியில் இருப்பா. முதல் மனு அடித்த அன்று படிவத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தா.

"காரணம் எண்டு கேட்டிருக்கு. என்னண்ணை போடுறது?"

"தெரியாது எண்டு போடுவம், பிள்ளை."

"உங்களுக்கும் ஒண்டும் தெரியாதோ? நீங்கள் அண்டைக்கு அங்க போனனீங்களெல்லே."

"அவர் நல்ல மனுசன்" என்றேன். அது முழு உண்மை. அவ அழுதா. நான் எழுத்துப் பிழை பார்த்து அச்சடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த இடத்தை அவ கேட்பதில்லை, நானே தெரியாது என்று போட்டுவிடுவேன். அவர் திரும்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. அவவும் நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் மனுவை நிறுத்தினால் செத்துவிட்டார் என்று அவவே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் வருகிறா. நானும் அடிக்கிறேன். அவ போன பிறகு அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

நான் எழும்பி வந்துவிட்டேன் என்று மேலே எழுதினேன். அது முழுதும் சரியில்லை. நீங்கள் தந்த நாலாவது தாளில் இன்னும் இடம் இருப்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

நாலு கேள்வியும் முடிந்ததும் பெரியவர் கோவையை மூடினார். நானாவிடம் ஏதோ சொன்னார். நானா நீளமாக மூச்சு விட்டு எனக்குச் சொன்னார்.

"ஒண்டுமில்ல தம்பி. ஆள இனி இங்க எடுக்கிறல்லயாம். வீட்ட அனுப்பச் சொல்றார். பெரிசாக்க அவருக்கு விருப்பமில்ல."

என் காரியம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. பாஸ் எனக்குத்தான். கதிரையை உள்ளே தள்ளினேன். அப்போதுதான் யோசித்தேன், வீட்டுக்குப் போகிறவர் திரும்பி வருவார். இப்படி மெஷின்கள் இன்னும் வரும், கைத்திறமை அவரிடம் இருக்கிறது, ஒரு மாதத்தில் அவரைத்தான் தேடுவார்கள். அவரும் கோபம் வைக்காமல் வருவார், அப்படிப்பட்ட ஆள். அதற்குள் வீட்டில் ஆறுதலாக இருந்து, மற்ற ஊசி யாரிடம் இருக்கிறது என்றும் யோசிப்பார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இயக்கத்தின் கையிலிருந்த வன்னிக்குப் போனவர், அதன் பிறகு ஒரு கடிதமும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபோது பெயரோடு சொன்னார். வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன் என்றார். அப்படி ஒரு தம்பி உள்ளவருக்கு என்ன நடக்கும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அவற்ற தம்பி வன்னியில இருக்கிறார்" என்றேன்.

ஜமால்தீன் நானா அதை மொழிபெயர்க்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை, போய்வருகிறேன் என்கிறார் என்று நானா சிங்களத்தில் சொன்னார். அவ்வளவு சிங்களம் எனக்கு விளங்கும். வாசலுக்கு ஐந்தாறு அடிதான் இருந்தது. நான் அந்தச் சொல்லோடு போயிருக்கலாம்.

திரும்பி நின்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே சொன்னேன். பிழையான சிங்களம்தான். ஆனாலும் பெரியவர் மூடிய கோவையைத் திறந்து பேனையை எடுத்தார். தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொன்னேன். அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.